ஞாயிற்றுக்கிழமை பெருத்த சிலிண்டர்

திங்கட்கிழமை காலையிலிருந்து நஸீமாவின் மெஷின், ஒன்றுமே இல்லாத இடத்தில் நைட்ரஜன் இருக்கிறது என்று சாதித்துக்கொண்டிருந்தது.

மெஷின் என்றால், பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடையை ஒட்டி, ‘மண், இலை, உரம் பரிசோதிக்கப்படும்’ என்று பச்சை போர்டு தொங்குகிறதே, அந்த ஆய்வகத்தின் உள்ளறையில் இருக்கும் மெஷின். தெருவில் பாதிப் பேர் அதை ஸ்கேன் மெஷின் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வருஷம் ஒருத்தர் மூட்டுவலியோடு உள்ளே வந்து வரிசையில் உட்கார்ந்தே விட்டார்.

உண்மையில் அது செய்யும் வேலை ரொம்பச் சின்னது. கடுகளவு பொடியை டின் கப் என்கிற மெல்லிய தகரக் குப்பியில் மடித்துப் போட்டால், ஆயிரம் டிகிரிச் சூட்டில் எரித்து, அதில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு என்று சொல்லும். எரிந்த புகையைக் குழாய் வழியாகத் தள்ளிக்கொண்டு போவது ஹீலியம் வாயு. போகிற வழியில் ஒரு குழாய் நிறையச் செம்புத் துகள் இருக்கும். மிச்சம் மீதி ஆக்சிஜன் வந்தால் செம்பு பிடித்துவைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். ஆனால் இந்த அவ்வளவுக்காக நஸீமா அதை ஆறு வருஷமாகக் கைக்குழந்தை மாதிரி பார்த்துவந்தாள். காலையில் வந்ததும் அதற்கு வணக்கம் சொல்வாள். வீட்டில் தன்னை விசாரிப்பதைவிட அதைத்தான் அதிகம் விசாரிக்கிறாள் என்று அவள் கணவன் தௌசீப் குறைப்பட்டுக்கொள்வது தெருவுக்கே தெரியும்.

தினமும் முதலில் காலி டின் கப்பைப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அதற்கு பிளாங்க் என்று பெயர். காலிக் கப்பில் நைட்ரஜன் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். திங்கட்கிழமை அது மலைபோல் ஒரு கோடு போட்டது. இரண்டாவது கப், இரண்டாவது மலை. மூன்றாவது கப்பில் மேட்டூர் டேமே தெரிந்தது.

சாதாரண வாரமாக இருந்தால் நிதானமாகப் பார்த்திருப்பாள். ஆனால் அது பரீட்சை வாரம். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே பொடியைப் பொட்டலம் கட்டி நாற்பது ஆய்வகங்களுக்கு அனுப்புவார்கள். எல்லோரும் அளந்து விடை எழுத வேண்டும். போன வருஷம் நைட்ரஜனில் நஸீமா ஃபெயில். அன்றைக்கு மூன்று தடவை கரண்ட் போனது நிஜம்தான். ஆனால் கரண்ட் மேல் பழி போடுகிறவர்களை யார் நம்புகிறார்கள்? இந்த வருஷமும் தவறினால் நைட்ரஜன் சோதனைக்கான அங்கீகாரம் போய்விடும்.

“அங்கீகாரம் போச்சுன்னா மெஷின் ஓசூருக்குப் போயிரும் மேடம். அங்க குமார் ரெடியா இருக்கான்” என்று முதலாளி பிரபாகர் முன்பே சொல்லிவைத்திருந்தார். ஓசூர்க் கிளையின் குமார் ஆறு மாதமாக அந்த மெஷினுக்கு மேஜை போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறான் என்று கேள்வி. மெஷின் போய்விட்டால் நஸீமாவுக்கு மிஞ்சுவது மண்ணைக் கரைத்து உப்புப் பார்க்கும் வேலை. விடை அனுப்பக் கெடு, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

பெங்களூரில் இருக்கும் சர்வீஸ் எஞ்சினியர் சிவக்குமாருக்குப் போன் போட்டாள்.

“லீக்தான் மேடம். வெளிக்காத்து உள்ள போவுது. காத்துல முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன். வேற என்ன இருக்கப்போவுது?”

“லீக் டெஸ்ட் பாஸ் ஆவுதுங்க சார். ரெண்டு தடவ போட்டேன்.”

“மூணாவது தடவ போடுங்க.”

மூன்றாவது தடவையும் பாஸ். பள்ளிக்கூடத்தில் அந்த மெஷின் படித்திருந்தால் ஸ்காலர்ஷிப்பே வாங்கியிருக்கும். சிவக்குமார் அசரவில்லை. மெஷினுக்கு வெளியே இருக்கும் வாயுக் குழாய்களைச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை நஸீமா ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கரைத்தாள். ஆய்வகத்தின் உதவியாளர் மாதையன் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டார். மாதையனுக்கு வயது ஐம்பத்தைந்து. சிலிண்டர் தூக்குவது, ரெகுலேட்டர் மாட்டுவது, பூட்டைத் திறப்பது, டீ வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. ஒவ்வொரு மூட்டிலும் நுரையைப் பூசிவிட்டு, மாட்டின் பல்லைப் பார்ப்பவர் மாதிரி குனிந்து பார்த்தார்.

“ஒரு முட்டகூட வுடலீங்க மேடம். கல்லாட்டம் நிக்குது.”

“நல்லாப் பாருங்கண்ணா. கடுகுல பாதி ஓட்ட இருந்தாலும் கெட்டுச்சு.”

“நான் மாட்டுன மூட்டுங்க. ஓட்ட வருமுங்களா?”

ரப்பர் வளையங்களை மாற்றினாள். செம்புக் குழாயைக் கழற்றினாள். மூன்று மாதம் தாங்க வேண்டிய செம்பு, அடுப்பில் மறந்துவிட்ட சட்டி மாதிரி கறுத்திருந்தது. புதுச் செம்பு போட்டதும் மெஷின் ஒரு மணி நேரம் யோக்கியனாக நடந்துகொண்டது. புதன்கிழமை மதியம் கழற்றிப் பார்த்தால் அதுவும் கறுப்பு. எங்கிருந்தோ ஆக்சிஜன் வருகிறது. கூடவே நைட்ரஜனும் வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் அதற்குப் பெயர் காற்று. ஆனால் காற்று நுழைய ஓட்டை இல்லை.

“ஹீலியம் சிலிண்டர் மேல ஒரு சந்தேகம் சார்” என்று சிவக்குமாரிடம் கேட்டுப் பார்த்தாள்.

“எப்ப மாட்டுனது?”

“ரெண்டு மாசம் ஆச்சு. போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு.”

“லேபிள்ல அஞ்சு ஒன்பது இருக்கா?”

அஞ்சு ஒன்பது என்றால் 99.999 சதவீதச் சுத்தம். இருந்தது.

“அப்புறம் என்ன மேடம்? பாதி ஓடுன சிலிண்டர் நடுவுல கெடறதுக்கு அது என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு? லீக்தான். தேடுங்க.”

தேடுங்க என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். பெங்களூரிலிருந்து தேடச் சொல்வது சுலபம்.

வியாழக்கிழமை காலை, முதலில் செய்ய வேண்டியதை நஸீமா கடைசியாகச் செய்தாள். லாக் புத்தகத்தை எடுத்து, கோளாறு எந்த நாளில் ஆரம்பித்தது என்று படித்தாள்.

அந்தப் புத்தகம் அவளுடைய பெருமை. தினமும் காலையில் சூடு எவ்வளவு, ஆக்சிஜன் அழுத்தம் எவ்வளவு, ஹீலியம் அழுத்தம் எவ்வளவு என்று மீட்டரைப் பார்த்து எழுதுவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பக்கத்தைப் புரட்டி, “அருமையான கையெழுத்தும்மா” என்பார்கள். கையெழுத்தைப் பாராட்டியவர்கள் யாரும் எண்ணைப் படித்ததில்லை. எழுதியவளும்தான்.

ஹீலியம்: வியாழன் 101. வெள்ளி 98. சனி 96. திங்கள் 118.

நஸீமா கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். 118 தான். அவள் எழுதியதுதான். கீழே அவள் கையெழுத்தும் இருந்தது. செலவாகச் செலவாக இறங்க வேண்டிய சிலிண்டர், ஞாயிற்றுக்கிழமை லீவில் விருந்துக்குப் போய்வந்த மாப்பிள்ளை மாதிரி பெருத்திருந்தது.

வெளியே வந்தாள். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பாஞ்சாலி உட்கார்ந்திருந்தாள். பாலக்கோட்டில் ஒரு காரியம் நடந்து, அது பாஞ்சாலிக்குத் தெரியவில்லை என்றால், அது நடக்கவில்லை என்று அர்த்தம்.

“அக்கா, ஞாயித்துக்கிழம நம்ம லேப் தொறந்திருந்துச்சா?”

“காலைல ஏழரைக்கே தொறந்திருந்துச்சே. மாதையண்ணன் குட்டியானை வண்டிய நிறுத்திக்கிட்டு எதையோ உருட்டிக்கிட்டிருந்தாரு. நீளமா, ஆளுசரம். என்னண்ணே பொணமான்னு கேட்டேன், வாயில வசம்ப வச்சுத் தேய்க்கன்னு திட்டிட்டுப் போனாரு.”

“எங்க போனாருன்னு தெரியுமா?”

“மாரண்டஹள்ளிக்குத்தான். பேத்திக்குக் காது குத்தில்ல? நான்கூடப் போயிருந்தேன். கறிச்சோறு சுமாருதான். ஆனா பலூனு போட்டிருந்தாரு பாரு, ஏ யப்பா! நூலப் புடிச்சா அதுபாட்டுக்கு மேல நிக்குது. மாமன் மடியில கொழந்த காது குத்தறப்ப வீல்னு அழுதுச்சு, பலூன அண்ணாந்து பாத்துச்சு, அழுகைய நிறுத்திருச்சு. ஒரு பையன் அந்தக் காத்த வாயில உறிஞ்சிட்டு எலிக்குஞ்சாட்டம் பேசுனான்...”

மீதியைக் கேட்க நஸீமா அங்கே இல்லை.

மாதையன் உள்ளே சிலிண்டரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். குற்றவாளி முகத்தை எதிர்பார்த்து வந்த நஸீமாவுக்கு ஏமாற்றம். முகம் நிலா மாதிரி இருந்தது.

“மாதண்ணா, ஞாயித்துக்கிழம இங்க வந்தீங்களா?”

“வந்தேனுங்களே. காத்து எடுக்க வந்தேன். பேத்திக்குக் காது குத்துன்னு உங்களுக்கும் பத்திரிக வச்சேன், நீங்கதான் வரல.”

“எந்தக் காத்துண்ணா?”

“இதானுங்க” என்று ஹீலியம் சிலிண்டரின் முதுகில் தட்டினார். “டெக்கரேஷன் இத்ரீஸு பாய் பலூன் போடறேன்னு ஒத்துக்கிட்டாரு. அன்னிக்கிப் பாத்து அவரு வண்டி ராயக்கோட்டைல நின்னுபோச்சு. சாயந்தரந்தான் வருவேங்கறாரு. பந்தல்ல சின்னதுங்க எல்லாம் பலூன் எங்க, பலூன் எங்கன்னு உசுர வாங்குதுங்க. சம்பந்தி வூட்டுக்காரங்க ஒரு மாதிரி பாக்கறாங்க. சரி, நம்ம லேப்ல நிக்கறதும் அதே ஹீலியந்தானேன்னு ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். எரநூறு பலூனுங்க!”

நஸீமா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“சரிண்ணா. எடுத்தா கொறையணும். இது ஏறியிருக்கே, எப்படி?”

மாதையனின் முகத்தில் இப்போதுதான் முழுப் பெருமை வந்தது. இந்தக் கேள்விக்காகவே நாலு நாளாகக் காத்திருந்த மாதிரி நிமிர்ந்து நின்றார்.

“அதானுங்க மேடம்! பக்கத்து வூட்ல ஒரு கிண்ணம் வாங்குனாக்கூட வெறுங்கிண்ணமாத் திருப்பிக் குடுக்கறதில்ல. இவ்ளோ பெரிய சிலிண்டர வெறுசாக் கொண்டாந்து வக்கறதுங்களா? சாயந்தரம் இத்ரீஸு பாய் அவரு சிலிண்டரோட வந்துட்டாரு. ஓஸ் போட்டு இதுக்கு ஏத்துங்கன்னேன். இருந்த அளவு போதும்னாரு. அதெல்லாம் ஆவாது, ரெண்டு படி கூடவே ஏத்துங்கன்னு நின்னு ஏத்திக்கிட்டு வந்தேன்.”

நஸீமாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பலூனுக்குப் போடும் வாயு பலூன் பறந்தால் போதும் என்கிற தரம். அதில் கொஞ்சம் காற்றும் கலந்திருக்கும், பலூன் அதற்காகக் கோபித்துக்கொள்ளாது. கடுகளவுப் பொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தேடுகிற மெஷின் கோபித்துக்கொள்ளும். சிலிண்டரைப் பாதியாகக் கொண்டுவந்து வைத்திருந்தால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. மிச்சமிருந்த பாதி அஞ்சு ஒன்பதாகவே இருந்திருக்கும். திருடன் வந்திருந்தால்கூட மெஷின் பிழைத்திருக்கும். வந்தது மரியாதைக்காரர்.

விஷயத்தைச் சொன்னதும் மாதையனின் நிலா மறைந்தது.

“அப்ப நாலு நாளா நீங்க தண்ணிகூடக் குடிக்காம அல்லாடுனது என்னாலதானுங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மேடம்.”

“சிலிண்டரு காது குத்துக்குப் போயிட்டு வந்துச்சான்னு யாருண்ணா கேப்பாங்க?”

கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள். புதுச் சிலிண்டர் திங்கட்கிழமைக்கு முன் வராது என்றார்கள். அஞ்சு ஒன்பது சிலிண்டர் ஒன்று சும்மா நிற்கும் இடம் அந்த வட்டாரத்தில் ஒன்றுதான்: ஓசூர்க் கிளை. குமாரிடம் நேராகக் கேட்டால் வெள்ளிக்கிழமை ஐந்து மணி தாண்டும்வரை சாவி தேடுவான். பிரபாகர் சொன்னால்தான் வரும். பிரபாகரிடம் கேட்டால் காரணம் கேட்பார். காரணம் எதிரில் துணியோடு நின்றுகொண்டிருந்தது.

“சொல்லிருங்க மேடம்” என்றார் மாதையன். “எனக்காகப் பாக்காதீங்க. வேற வேல கெடைக்காமயா போயிரும்?” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “கெடைக்காதுங்க. ஆனா சொல்லிருங்க” என்றார்.

பதினோரு மணிக்கு பிரபாகர் வந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லும் போர்டை அவர்தான் மாட்டினார், அவர் மட்டும் கழற்றுவதில்லை. நஸீமா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் கழுத்து சிவந்தது. ஏதோ நடக்கிறது என்று மூக்கில் வியர்த்த பாஞ்சாலி, யாரும் கேட்காத ஒரு ஜெராக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுகொண்டாள்.

“யோவ் மாதையா! எவனக் கேட்டுய்யா எடுத்த?”

“உங்களத்தானுங்க.”

“என்னையா?”

“ஞாயித்துக்கிழம காலைல ஏழு மணிக்குப் போன் போட்டனுங்களே. லேப்ல இருந்து கொஞ்சம் காத்து எடுத்துக்கட்டுங்களா சார்னேன். காத்துக்கெல்லாமாய்யா போன் போடுவ, எடுத்துக்கன்னீங்க.”

ஆய்வகத்தில் தூசி ஊதுவதற்கு ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. மாதையனின் மொபெட்டுக்கு வாரம் ஒரு தடவை காற்று இறங்கும்.

“நான் டயருக்குன்னு நெனச்சேன்யா!”

“டயருக்குப் போயி விடியக்காலைல உங்கள எழுப்புவனுங்களா சார்?”

“அதுவும் காத்து, இதுவும் காத்தா? சொல்றப்ப ஹீலியம்னு சொல்ல மாட்ட?”

“நீங்களும் எந்தக் காத்துன்னு கேக்கலீங்களே.”

“சாயந்தரம் பலூனோட நின்னு போட்டோகூட எடுத்துக்கிட்டீங்களேங்க” என்றாள் பாஞ்சாலி வாசலிலிருந்து, உதவி செய்யும் குரலில். “ஸ்டேட்டஸ்ல பாத்தேன். சோக்கா இருந்துச்சு.”

பிரபாகர் அவளை முறைத்தார், மெஷினை முறைத்தார், கடைசியில் முறைக்க ஆள் இல்லாமல் போனை எடுத்தார்.

“குமாரு, அந்த ஹீலியம் சிலிண்டர நாளைக்கிக் காலைல இங்க அனுப்பு... எதுக்குன்னா? எதுக்கோ. நான் சொல்றேன்ல? அனுப்பு.”

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு வர வேண்டிய வண்டி பத்தே காலுக்கு வந்தது. குமாரின் கைங்கரியம் என்று பேச்சு. மாதையன் சிலிண்டரைக் குழந்தை மாதிரி இறக்கி, ரெகுலேட்டர் மாட்டி, இந்தத் தடவை நஸீமாவிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுத் திறந்தார். குழாய்களில் தங்கியிருந்த பழைய வாயு போக ஒரு மணி நேரம் ஊதவிட்டாள். ஃபில்டரை மாற்றினாள். கையிருப்பில் கடைசியாக இருந்த செம்பை நிரப்பினாள். இதுவும் கறுத்தால் வேறு இல்லை.

முதல் பிளாங்க் மலை. இரண்டாவது குன்று. நாலாவது வரப்பு. ஆறாவதில் கோடு நேராகப் படுத்துக்கொண்டது.

பிறகு அசிட்டனிலைடு. நைட்ரஜன் 10.36 சதவீதம் என்று உலகமே ஒத்துக்கொண்ட பொடி, மெஷினை உரசிப் பார்க்கிற கட்டளைக்கல். முதல் தடவை 10.44. அடுத்து 10.38. அடுத்து 10.35. மாதையன் எண்ணைப் பார்க்கவில்லை, நஸீமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைப் பொடியைக் கடுகு கடுகாக நிறுத்து ஐந்து தடவை ஓட்டினாள். ஐந்தும் ஒன்றையொன்று விட்டு விலகவில்லை. நாலு நாற்பத்தாறுக்கு விடையை அனுப்பினாள்.

அதோடு முடிந்ததா என்றால், இல்லை. கோளாறு வந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ‘மூலக் காரணம்’ என்று ஒரு கட்டம்.

“சிலிண்டர் சப்ளை பண்ணவன் தப்புன்னு எழுதிருங்க மேடம்” என்றார் பிரபாகர். “யாருக்கும் வம்பில்ல.”

“அவங்க அனுப்புனது சுத்தமான வாயு சார். ரெண்டு மாசம் ஓடியிருக்கு. நாளைக்கே நிரூபின்னு வந்து நின்னா?”

“அப்ப மாதையன்னு எழுதப்போறீங்களா?”

“இல்லீங்க சார். மூணு பேருன்னு எழுதப்போறேன். கேட்டவரு எந்தக் காத்துன்னு சொல்லல. குடுத்தவரு எந்தக் காத்துன்னு கேக்கல. திங்கக்கிழம 118ன்னு எழுதி, கையெழுத்தும் போட்டவ, என்ன எழுதுனோம்னு படிக்கல. அன்னிக்கே படிச்சிருந்தா அன்னிக்கே தீந்திருக்கும்.”

எழுதினாள். முத்து முத்தாகத்தான். ‘மீண்டும் நிகழாமல் தடுக்க’ என்ற கட்டத்தில், தினசரி எண்ணை முந்தைய நாள் எண்ணோடு ஒப்பிட வேண்டும், ஏறியிருந்தால் மெஷினைத் தொடக் கூடாது என்று சேர்த்தாள். பிரபாகர் படித்தார். ‘குடுத்தவர்’ என்ற இடத்தில் சற்று நேரம் நின்றார். பிறகு பேனாவை உதறிக் கையெழுத்துப் போட்டார். மாதையனை என்ன செய்வது என்ற பேச்சை அவரும் எடுக்கவில்லை, வேறு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. நஸீமா மெயிலைத் திறப்பதற்குள் பிரபாகர் போனைத் தூக்கிப் பிடித்தபடி செருப்புக் காலோடு உள்ளே ஓடிவந்தார்.

“மேடம், நைட்ரஜன்ல மைனஸ் போட்டிருக்கான்! மறுபடியும் ஃபெயிலா?”

நஸீமா போனை வாங்கிப் பார்த்தாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணைப் படித்தாள். அதற்குப் பக்கத்தில் இருந்ததையும் படித்தாள்.

“மைனஸ் பாயிண்ட் மூணு சார். நடுவுல இருந்து இம்புட்டுத்தான் தள்ளியிருக்கோம்னு அர்த்தம். ரெண்டு வரைக்கும் தள்ளலாம். பாஸ்.”

“மைனஸ்ல பாஸா?”

“நல்ல பாஸ் சார்.”

பிரபாகர் அங்கேயே நின்று ஓசூருக்குப் போன் போட்டார். மெஷின் எங்கேயும் வராது, இனிமேல் உன் உர சாம்பிளையெல்லாம் நீதான் இங்கே அனுப்ப வேண்டும் என்று குமாரிடம் சொன்னார். மார்க் என்ன என்று குமார் கேட்டிருக்க வேண்டும். “அதெல்லாம் சூப்பர் மார்க்குய்யா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் மதிய பஸ்ஸில் ஓசூரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. முப்பது பொட்டலம். நஸீமா முதல் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கடுகளவு கிள்ளித் தராசில் வைத்தாள்.